ஓடும் படகில் மோட்டாரின் வலு குறைந்தால்

படகின் பின்புறப் பலகையில் மாட்டித் திருகை முடுக்கிப் பொருத்தி, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடிய மோட்டாரை ‘அவுட்போர்டு மோட்டார்’ என்கிறோம். இயந்திரம், அதன் சுழற்சியைப் படகின் ஓட்டமாக மாற்றும் விசிறி, படகைத் திருப்பும் சுக்கான் ஆகிய மூன்றின் வேலையையும் இந்த ஒரே கருவி செய்துவிடுகிறது. அது இதன் சிறப்பு. அதுவே இதன் குறையுமாகும். மோட்டார் தளர்ந்தால் வேகத்தோடு திருப்பும் வசதியும் சேர்ந்தே தளர்கிறது. அலை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் படகு திரும்புகிறது.

நார்வேயில் 1877-ஆம் ஆண்டில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், மில்வாக்கி நகரில் தாம் அமைத்த மோட்டாரை 1909-ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கினார். அவருக்கு முன்னரும் இத்தகைய பொறிகளைச் செய்தவர்கள் உண்டு. ஆயினும் அதைப் பலர் கைக்கு எட்டும்படி பரவச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். இந்தியாவில் மீன்பிடி படகுகளுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சிக்கும் அதே நார்வே நாடு துணை நின்றது. 1953-ஆம் ஆண்டில் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை ஆகிய ஊர்களில் இந்திய-நார்வேத் திட்டம் பணி தொடங்கியது. அங்கே வந்தவை படகுக்குள்ளேயே பொருத்தப்படும் இயந்திரங்கள். நாட்டு வள்ளங்களில் அவுட்போர்டு மோட்டார் பெருவாரியாக ஏறியது 1980-களிலேயாம். பின்னர் அது மீனவர் வாழ்வில் பிரிக்க முடியாத பொருளாகிவிட்டது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, கடற்கரை மக்கள் தம் வள்ளங்களையும் மோட்டார்களையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்து, வீடுகளில் சிக்கியிருந்தவர்களை மீட்டதை நாடு அறியும்.

இந்த மோட்டார்களில் பல வயது முதிர்ந்தவை. ஒருவர் வாங்கி, மற்றொருவருக்கு விற்று, மூன்றாமவர் பழுது பார்த்து ஓட்டுபவை. எவின்ரூட் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது; ஆனால் அந்தப் பெயருடைய பழைய மோட்டார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட பழைய மோட்டார் ஒன்று, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென வலுவிழந்தால் என்ன செய்வது என்பதை விளக்குவதே இந்தப் பேச்சின் நோக்கம். கிளம்பவே மறுக்கும் மோட்டார் கரையில் தொல்லை கொடுக்கும். நடுவழியில் தளரும் மோட்டார் ஆட்களின் உயிரோடு விளையாடும். கரைமடிப்பில் அலை புரண்டு உடையும் இடத்தைத் தாண்டும்போது அது தளர்ந்தால், படகு குறுக்கே திரும்பிக் கவிழ்வதற்கு ஓர் அலை போதும்.

முதலில் செய்ய வேண்டியது மோட்டாரைத் திறப்பதன்று, படகைக் காப்பது. வேகப்பிடியை உடனே தணிக்க வேண்டும். வலு குறைந்ததும் பிடியை இன்னும் முறுக்குவது மனித இயல்பு. பழைய மோட்டார்களைக் கொல்வதும் அதுவே. மூச்சு வாங்கும் மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதற்கு அது ஒப்பாகும். பின்னர்ப் படகின் முகத்தை அலைக்கு நேராகத் திருப்பி, ஆழம் இடங்கொடுத்தால் நங்கூரம் இட வேண்டும். துடுப்புகளைக் கையருகே எடுத்து வைக்க வேண்டும். எல்லோரும் மிதப்புச் சட்டை அணிந்துகொள்ள வேண்டும். பீடியும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது பெட்ரோல் ஆவி எழும். காற்றும் நீரோட்டமும் கரையைவிட்டு இழுத்துச் சென்றால், நேரம் கடத்தாமல் இந்தியக் கடலோரக் காவற்படையின் 1554 என்ற எண்ணுக்குச் செய்தி சொல்ல வேண்டும். இவ்வளவும் ஆன பிறகே மோட்டாரைப் பற்றிய ஆராய்ச்சி.

ஆராய்ச்சிக்கு ஒரு வரிசை வேண்டும். இந்தப் பழைய மோட்டார்கள் பெரும்பாலும் இரண்டடிப்பு இயந்திரங்கள். பிஸ்டன் ஒரு முறை மேலே சென்று கீழே இறங்குவதற்குள் ஒரு சுற்று வேலை முடிந்துவிடும். அதற்கு வேண்டியவை நான்கு. எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலந்து வர வேண்டும். அந்தக் கலவை சிலிண்டருக்குள் கசியாமல் அழுத்தப்பட வேண்டும். அழுத்தப்பட்ட தருணத்தில் வலுவான தீப்பொறி விழ வேண்டும். இவற்றால் பிறந்த சுழற்சி விசிறியின் மூலம் தண்ணீரைத் தள்ள வேண்டும். இந்நான்கினுள் ஒன்று குறைந்தாலும் படகு தளரும். எது குறைந்தது என்பதை மோட்டார் தன் ஒலியாலும் நடத்தையாலும் சொல்லிவிடுகிறது. கேட்கத் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் காரணத்தைக் காண்கிறார். தெரியாதவர் கையில் கிடைத்த திருகையெல்லாம் திருப்பி, ஒரு குறையை மூன்றாக்கிவிடுகிறார்.

எனவே முதற்கேள்வி இது: தளர்ந்தது மோட்டாரா, படகா? மோட்டார் முன்னைவிட வேகமாகச் சுற்றி ஓலமிடுகிறது. படகு மட்டும் நகர மறுக்கிறது என்றால், இயந்திரத்தில் குறை இல்லை. அதன் உழைப்பு விசிறிக்குப் போய்ச் சேரவில்லை. சிறிய பழைய மோட்டார்களில் விசிறியையும் தண்டையும் இணைப்பது ஒரு சிறு ஊசி. விசிறி பாறையிலோ கட்டையிலோ மோதினால் பற்சக்கரங்கள் உடையாமல் இந்த ஊசி தான் ஒடிந்து அவற்றைக் காப்பாற்றும். மாற்று ஊசி ஒன்று படகில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பெரிய மோட்டார்களில் ஊசிக்குப் பதிலாக விசிறியின் நடுவே ரப்பர்க் குடம் இருக்கும். அது முதுமையால் பிடிப்பு விட்டுப்போனால், மெதுவாகச் செல்லும்போது சரியாகத் தள்ளும். வேகம் கூட்டியதும் நழுவும். இதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. விசிறியின் உட்குடத்திலிருந்து வெளிப்புறம் வரை நேர்க்கோடு ஒன்று கீறிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் நழுவியிருக்கிறது. அதுவரை மெதுவாக ஓட்டிக் கரை சேரலாம்.

இதற்கு நேர்மாறானது, மோட்டார் திணறிக்கொண்டு சுற்றுவேகம் இறங்குவது. அப்போதும் முதலில் விசிறியையே பார்க்க வேண்டும். ஆனால் மோட்டாரை நிறுத்திய பிறகே கீழ்ப்பகுதியை மேலே தூக்க வேண்டும். அறுந்த வலைத்துண்டு, தூண்டில் நூல், பிளாஸ்டிக் பை ஆகியவை விசிறியில் சுற்றிக்கொள்வது இந்நாளில் மிகப் பொதுவான காரணம். நூலை வெளியே அறுத்தெடுத்தால் மட்டும் போதாது. விசிறியைக் கழற்றி, தண்டின் அடியில் நூல் நுழைந்திருக்கிறதா என்றும் கரைக்கு வந்ததும் பார்க்க வேண்டும். அது அங்குள்ள அடைப்பை அறுத்துப் பற்சக்கர எண்ணெயில் கடல்நீர் கலக்கச் செய்துவிடும்.

விசிறி தெளிவாக இருந்தால், அடுத்துச் சூட்டைக் கவனிக்க வேண்டும். இந்த மோட்டார் தன்னைக் குளிரச் செய்யக் கடல்நீரையே உறிஞ்சிக்கொள்கிறது. கீழே உள்ள சிறு பம்பில் ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் ஒன்று சுழன்று, நீரை மேலே ஏற்றுகிறது. ஏறிய நீரில் ஒரு பகுதி பல மோட்டார்களில் மெல்லிய தாரையாக வெளியே பீச்சும். ஓட்டுபவரின் கண் அடிக்கடி அந்தத் தாரைமேல் போக வேண்டும். தாரை நின்றிருந்தால், அல்லது வெறும் ஆவியாக வந்தால், மோட்டாரை உடனே அணைக்க வேண்டும். அதிகச் சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொள்ளத் தொடங்கும். அப்போது தோன்றும் தளர்ச்சி, மோட்டார் தரும் கடைசி எச்சரிக்கை. நீர் நுழையும் சல்லடையில் பையோ பாசியோ ஒட்டியிருந்தால் அதை எடுத்ததும் தாரை திரும்பலாம். தாரை வெளியேறும் துளையில் உப்பும் மணலும் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி எடுக்கலாம். இரண்டாலும் பயனில்லையென்றால் பம்பின் இதழ்கள் தேய்ந்தோ மடங்கியோ போயிருக்கும். அதை நடுக்கடலில் சரிசெய்ய இயலாது. துடுப்போ, பாயோ, பக்கத்துப் படகின் கயிறோதான் வழி.

சூடும் இல்லை, விசிறியும் சரி என்றால் எரிபொருளுக்கு வருவோம். திடீர்த் தளர்ச்சிகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. அவற்றை நடுக்கடலிலேயே தீர்க்கவும் கூடும். எரிபொருள் தொட்டியிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் நடுவே கையால் பிசையும் குமிழ் ஒன்று இருக்கும். இந்தக் குமிழ்தான் நோயறிய உதவும் நாடி. மோட்டார் தளரும் தருணத்தில் மற்றொருவர் குமிழைப் பிசையட்டும். மூன்று விதமான விடைகள் கிடைக்கலாம்.

குமிழ் உள்ளே ஒட்டிச் சப்பையாகக் கிடந்தால், தொட்டிப் பக்கத்தில் அடைப்பு. மோட்டார் இழுக்கிறது, வருவதற்கு வழியில்லை. தொட்டி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பதே இதற்கு முதற்காரணம். எரிபொருள் குறையக் குறையக் காற்று உள்ளே புகாவிட்டால் தொட்டிக்குள் வெறுமை உண்டாகி எரிபொருளைப் பிடித்து நிறுத்திவிடும். திருகைத் தளர்த்தியதும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் ஒலி கேட்டால் காரணம் வெளிப்பட்டுவிட்டது. ஒலி இல்லையேல், தொட்டிக்குள் குழாயின் வாயில் இருக்கும் வடிகட்டியில் அழுக்கு சேர்ந்திருக்கும். அல்லது பழைய குழாய் உள்ளே உப்பி வழியைக் குறுக்கியிருக்கும். பின்னது வெளிப்பார்வைக்குத் தெரியாது.

குமிழைத் தொடர்ந்து பிசையப் பிசைய மோட்டார் உயிர்பெற்று, கையை எடுத்ததும் மீண்டும் தளர்ந்தால், தொட்டிவரை வழி சரியாக இருக்கிறது. மோட்டாரின் எரிபொருள் பம்பில் உள்ள மெல்லிய சவ்வு கிழிந்திருக்க வேண்டும். அல்லது இணைப்பு ஒன்றின் ரப்பர் வளையம் தேய்ந்து, எரிபொருளுக்குப் பதிலாகக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். குழாயில் காற்றுக் குமிழிகள் ஓடுவதையும் இணைப்பில் ஈரம் கசிவதையும் பாருங்கள். இந்தக் குறையோடும் ஒருவர் குமிழைப் பிசைந்துகொண்டே வர, மெதுவாகக் கரை சேரலாம்.

குமிழ் கெட்டியாக இருந்தும் மாற்றம் எதுவும் இல்லையென்றால், எரிபொருள் கார்புரேட்டரின் வாயில்வரை வந்துவிட்டது என்று கொள்ளலாம். இப்போது காற்றடைப்பானைச் சிறிதே மூடிப் பாருங்கள். காற்றைக் குறைத்ததும் மோட்டார் தேறினால், உள்ளே எரிபொருள் குறைவாகச் செல்கிறது. கார்புரேட்டரின் நுண்துளையில் துகள் அடைத்திருக்கிறது. காற்றடைப்பானை மூடியதும் இன்னும் மோசமாகத் திணறினால் எரிபொருள் குறைவு காரணமன்று. இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டடிப்பு மோட்டாருக்கு உயவெண்ணெயும் எரிபொருளோடு கலந்தே செல்கிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். ஆதலால் பட்டினியோடு முழுவேகத்தில் ஓட்டப்பட்ட மோட்டார் தளர்வதோடு நில்லாமல், பிஸ்டன் உராய்ந்து பாழாகும். எண்ணெய்க் கலவையின் அளவும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். மிகப் பழைய மோட்டார்கள் பலவற்றுக்கு 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். பிற்காலத்தவற்றுக்கு 50-க்கு 1. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

எரிபொருளின் தன்மையையும் சொல்ல வேண்டும். கேரளக் கரை மோட்டார்கள் பலவும் பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடும்படி அமைந்தவை. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. மோட்டார் போதிய சூடேறுமுன் மாற்றினாலும், மண்ணெண்ணெயில் நெடுநேரம் மெல்ல ஓட்டினாலும், அது முழுதும் எரியாமல் பிளக்குகளில் கரியாகப் படியும். பிறகு வேகம் கூட்டியதும் ஒரு சிலிண்டர் ஊமையாகிவிடும். கரைக்கு வந்து நிறுத்துமுன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி, கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காமல் செய்வது நல்ல பழக்கம்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அன்று. 2025-ஆம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலுடன் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. கடற்காற்றில் திறந்து கிடக்கும் தொட்டியில் நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். உயவெண்ணெய் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். தொட்டியின் அடியிலிருந்து உறிஞ்சும் மோட்டார் அப்போது வலுவும் இழக்கும், எண்ணெயும் இழக்கும். தெளிவான கண்ணாடிப் புட்டியில் சிறிது எரிபொருளை எடுத்துச் சற்றுநேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் அந்தத் தொட்டியை ஒதுக்க வேண்டும். எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களும் பம்புச் சவ்வுகளும் அதனால் இளகிப்போகும். ஆகவே பழைய மோட்டாருக்குப் புதிய குழாய் வீண்செலவாகாது.

எரிபொருள் சரியாக இருந்து, மோட்டார் ஒரேயடியாக வலுவிழந்து, நடுக்கத்தோடு நொண்டி ஓடினால், ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று ஊகிக்கலாம். இரண்டு சிலிண்டர் மோட்டாரில் ஒன்று செத்தால் வலுவில் பாதிக்கும் மேல் போய்விடும்; உயிருள்ள சிலிண்டர் செத்ததையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதே காரணம். எந்தச் சிலிண்டர் என்று அறிய, மோட்டாரை நிறுத்தி ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதை மோட்டாரின் உலோகத்தோடு தொடுமாறு கட்டிவைத்து, மீண்டும் கிளப்ப வேண்டும். ஓட்டத்தில் மாற்றமில்லையென்றால் அதுவே செத்த சிலிண்டர். ஓடும்போது கம்பியைக் கையால் பிடுங்குவது கூடாது. அதிர்ச்சி கடுமையாக இருக்கும். மின்னணு முறைப் பற்றவைப்புள்ள மோட்டார்களில் கம்பியை அந்தரத்தில் விடுவதால் உறுப்புகளும் கெடும்.

செத்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது தன் கதையைச் சொல்லும். எண்ணெயும் எரிபொருளும் நனைந்து கறுத்திருந்தால் பொறி விழவில்லை. உலர்ந்து வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவு, அல்லது சூடு மிகுதி. உப்பு நீர்த்துளிகள் தெரிந்தால் சிலிண்டர்த் தலையின் கேஸ்கெட் விட்டிருக்கலாம். மிதமான பழுப்பு நிறம் நலத்தின் அறிகுறி. நனைந்த பிளக்கை மாற்றிப் புதியது இட்டதும் சரியானால் நன்று. சரியாகாவிட்டால் பொறியைச் சோதிக்க வேண்டும். பிளாட்டினம் பாயிண்டுள்ள பழைய மோட்டாரில், கம்பியின் முனைக்கும் உலோகத்துக்கும் கால் அங்குல இடைவெளி விட்டுச் சுண்டினால் நீலப்பொறி ‘படக்’ என்று தாவ வேண்டும். மஞ்சளாக, மெலிந்து, தவறித் தவறி வருவது போதாது. கசிந்த எரிபொருளைத் துடைத்து, ஆவி அகன்ற பின்னரே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

பொறி மெலிவதற்குரிய காரணங்கள் பறக்கும் சக்கரத்தின் அடியில் இருக்கின்றன: பாயிண்டு, கண்டென்சர், காயில். பாயிண்டின் இடைவெளி பல பழைய மாதிரிகளில் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு. உப்புப் படிந்தோ கரிந்தோ இருந்தால் துடைத்துச் சரிசெய்யலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள மாதிரிகளில், இரண்டு காயில்களையும் இடம் மாற்றிப் பொருத்துவது சிறந்த சோதனை. குறையும் உடன் இடம் மாறினால் குற்றவாளி காயிலே. இது கரையில் செய்யும் வேலை. கடலில் பறக்கும் சக்கரத்தைக் கழற்ற முற்படுவது, கழன்ற திருகுகளைக் கடலுக்குக் காணிக்கையாக்குவதில் முடியும். அந்தச் சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவி பாதி வெட்டுப்பட்டாலும் பொறி விழும் நேரம் தவறி, வலு திடீரெனக் குறையும். கிளப்பும்போது கயிறு கையைப் பின்னுக்கு உதறும்.

இனி, பலரைக் குழப்பும் ஒரு நிலையைக் காண்போம். மோட்டார் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு தளர்ந்து நிற்கிறது. கால்மணி நேரம் சும்மா விட்டால் மீண்டும் கிளம்புகிறது. பிறகு அதே கதை. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே குறையே தெரிவதில்லை. ஒரே முகத்தோடு வரும் மூன்று வெவ்வேறு நோய்கள் இவை. தொட்டியில் காற்று வழி அடைந்திருந்தால், நிற்கும்போது வெறுமை மெல்ல நீங்கி மீண்டும் ஓடும். காயிலிலோ கண்டென்சரிலோ நுண்ணிய விரிசல் இருந்தால், சூட்டில் அது விரிந்து பொறி அறும், ஆறியதும் கூடிக்கொள்ளும். குளிர்நீர் வராவிட்டால், பிஸ்டன் விரிந்து இறுகும், ஆறியதும் விடும். மூன்றிலும் ஓய்வு மருந்துபோலத் தோன்றுவதால் காரணம் மறைந்துபோகிறது.

இவற்றைப் பிரித்தறியும் நேரம், மோட்டார் தளர்ந்த அந்த ஒரு நிமிடமே. ஆறவிட்டபின் சோதித்துப் பயனில்லை. அப்போதே தொட்டி மூடியைத் திறந்து காற்றின் ஒலியைக் கேளுங்கள்; குமிழைத் தொட்டுப் பாருங்கள்; நீர்த்தாரை நின்றிருந்ததா என்று நினைவுகூருங்கள்; சிலிண்டர்த் தலையில் ஒரு துளி நீர் விட்டு, அது ‘சுர்’ரென்று கொதித்தோடுகிறதா என்று காணுங்கள்; கசிவும் ஆவியும் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, சூடு ஆறுமுன் பொறியைச் சோதியுங்கள். காற்று ஒலித்தால் தொட்டி. நீர் கொதித்தால் குளிர்நீர். இரண்டும் இல்லாமல் பொறி அற்றிருந்தால் காயில் அல்லது கண்டென்சர். மூன்றாவதாயின், ஆறவிட்டுக் கிளப்பிக் குறைந்த வேகத்தில் கரை திரும்பலாம். இரண்டாவதாயின் மீண்டும் கிளப்புவது மோட்டாரைப் பலியிடுவதாகும்.

கடைசியாக அழுத்தம். பிஸ்டன் வளையங்கள் கரியில் ஒட்டிக்கொண்டாலும், ஒடிந்தாலும், கேஸ்கெட் விட்டாலும், பிஸ்டன் கீறப்பட்டாலும் கலவை கசிந்து வலு குறையும். இதற்குக் கடலில் பரிகாரம் இல்லை. கிளப்பும் கயிற்றை இழுக்கும்போது ஒரு பக்கம் வழக்கமான எதிர்ப்பில்லாமல் எளிதாக வருவது அறிகுறி. கரையில், பிளக்குத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி இரண்டு சிலிண்டர்களையும் ஒப்பிட வேண்டும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டுக்கு மேல் வேற்றுமை இருந்தால் திறந்து பார்ப்பது நலம். மற்றவை எல்லாவற்றையும் மாற்றிச் செலவழித்த பின் இதைச் சோதிப்பவர் பலர். பழைய மோட்டாரை விலைக்கு வாங்குபவர் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே.

எந்த நோயானாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டர்த் திருகையும் திருப்பி, புது எரிபொருளும் இட்டபின் மோட்டார் ஓடினால், எதனால் ஓடிற்று என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த முறை அறியாமை தொடக்கத்திலிருந்தே தொடரும். என்று, எத்தனை நிமிடம் ஓடிய பின், எந்த வேகத்தில் தளர்ந்தது, எதைச் செய்ததும் தேறியது என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், பட்டறைக்காரருக்கு அது பாதி வேலையை முடித்துக்கொடுக்கும்.

படகில் வைத்திருக்க வேண்டிய பொருள்கள் ஒரு சிறு தகரப் பெட்டிக்குள் அடங்கும்: இரண்டு புதிய பிளக்குகள், பிளக்குச் சாவி, விசிறி ஊசிகள், அவற்றின் பிளவாணிகள், கிளப்பும் கயிறு ஒன்று, குமிழோடு கூடிய மாற்றுக் குழாய், மெல்லிய கம்பி, குறடு, உலர்ந்த துணி, கண்ணாடிப் புட்டி. கரையில் செய்ய வேண்டியவையும் அதிகம் இல்லை. ஒவ்வொரு முறையும் நல்ல நீரால் மோட்டாரின் உள்வழியைக் கழுவ வேண்டும். பம்பின் ரப்பர்ச் சக்கரத்தை ஆண்டுக்கு ஒரு முறை, பருவம் தொடங்குமுன், மாற்றிவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓட்டிப் பார்க்கலாகாது; அந்த ஒரு நிமிடமே புதிய ரப்பரைக் கருக்கப் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மோட்டார் இருக்கிறது என்ற நம்பிக்கையில் துடுப்பையும் நங்கூரக் கயிற்றையும் கரையில் விட்டுச் செல்லலாகாது. துடுப்பும் பாயும் நம்பிக் கடலோடியவர்களின் பிள்ளைகளே இன்று மோட்டாரை ஓட்டுகிறார்கள். அந்தப் பழைய கருவிகள் படகில் இருக்கும்வரை, மோட்டார் தளர்ந்தாலும் ஆராய்ந்து பார்க்க நேரம் கிடைக்கும். அவசரம் இல்லாதவர் கண்ணுக்குக் குமிழும், நீர்த்தாரையும், பிளக்கின் நிறமும் தெளிவாகத் தெரியும்.